ஊசியில் தோற்ற மருந்து

எச்.ஐ.வி. கிருமியை மடக்க, அதன் உடம்பிலிருந்தே ஒரு துண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1990களின் தொடக்கத்தில் கண்டறிந்த வழி இது. மனித செல்லைத் தொட்டதும் கிருமி தன் ஜிபி41 புரதத்தை மடித்து, தன் உறையையும் செல்லின் உறையையும் இழுத்து ஒட்டவைக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு பகுதியைப் போலவே 36 அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த பெப்டைடு இடையில் புகுந்துகொண்டால் மடிப்பு முடியாது. கிருமி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இப்படிப் பிறந்த என்ஃபுவிர்டைடுக்கு 2003 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத கிருமிகளிடமும் அது வேலை செய்தது. ஆனால் பெப்டைடு என்பது சின்னப் புரதம்தானே? விழுங்கினால், பருப்பையும் முட்டையையும் போல வயிறு அதையும் செரித்துவிடும். எனவே தினம் 2 ஊசி. தூள் தண்ணீரில் கரைய முக்கால் மணி நேரம் வரை ஆகும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். போட்ட இடத்தில் 100க்கு 98 பேருக்கு வலி, தடிப்பு, கட்டி என்று ஏதாவது ஒன்று. தயாரிக்க நூற்றுக்கும் அதிகமான படிகள். 2003ல் விலை ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலராக இருந்தது. 2007ல் ரால்டெக்ராவிர் மாத்திரை வந்ததும் பலர் ஊசியைக் கைவிட்டதில் வியப்பில்லை.

நானோ தொழில்நுட்பம் கைகொடுக்க முயல்வது இங்கேதான். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ள கொழுப்பு அல்லது பாலிமர் உருண்டைக்குள் பெப்டைடை அடைத்துவிட்டால், அதை வெட்டும் என்சைம்கள் எளிதில் நெருங்க முடியாது. மருந்தும் மெல்ல மெல்லக் கசியும். இது வெறும் கனவல்ல. 2020ல் வந்த எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசிகள் கொழுப்பு உருண்டைகளில் ஏறித்தான் செல்லுக்குள் போயின. எச்.ஐ.வி.க்கான கபோடெக்ராவிர், நுண்துகளாக அரைக்கப்பட்டு, 2 மாதத்துக்கு ஒரே ஊசியாகிவிட்டது. ஆனால் அது பெப்டைடு அல்ல, துகளே மருந்து. உருண்டைக்குள் அடைப்பதென்றால் கொள்ளளவு கொஞ்சம்தான். என்ஃபுவிர்டைடுக்கோ தினம் 180 மில்லிகிராம் வேண்டும். போதாக்குறைக்கு, ரத்தத்தில் விட்ட நானோ துகள்களில் பெரும்பங்கைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. எச்.ஐ.வி. ஒளிந்திருப்பதோ நிணநீர்க் கணுக்களில்.

குறியே கல்லீரல் என்றால் கதை வேறு. 2020ல் ஐரோப்பா அனுமதித்த புலெவிர்டைடு, ஹெபடைடிஸ் பி கிருமியின் உறைப்புரதத்தைப் பார்த்துச் செய்த 47 அமினோ அமிலப் பெப்டைடு. பித்த உப்பு நுழையும் வாசலை அடைத்து ஹெபடைடிஸ் டி கிருமியைத் தடுக்கிறது. வெறும் 2 மில்லிகிராம் போதும். அதுவும் தினம் ஒரு ஊசிதான்.