உயிரோடு இருக்கிறார்களா? 21 ஆண்டுகளாக மாறாத கேள்வி

உடுவிலில் கடல் இல்லை. செம்மண் தோட்டமும் பனையும் கிணறும்தான். ஆனாலும் சுமாத்திராப் பக்கம் நிலம் நடுங்கியதாகச் செய்தி வந்தால் இன்றும் என் கை தொலைபேசியைத் தேடுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று போயா நாள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெடியன் ஓடிவந்தான். "அண்ணை, வடமராட்சி கிழக்கில கடல் ஊருக்குள்ள வந்திட்டுதாம்." எனக்கு உடனே நினைவுக்கு வந்தது முல்லைத்தீவின் கள்ளப்பாடு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் சில மாதம், பிறகு கிளாலிக் கடல் கடந்து வன்னி. கள்ளப்பாட்டில் ஒரு கடற்றொழிலாளர் குடும்பம் தங்கள் வளவில் கொட்டில் போட இடம் தந்தது. ஐந்து வருடம் அதுதான் எங்கள் வீடு. அந்த வீட்டு அக்கா ஆக்கிய மீன் குழம்பில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2002இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் நாங்கள் ஊர் திரும்பினோம். அவர்களுக்குக் கடல்தான் ஊர், அங்கேயே இருந்தார்கள்.

அங்கே அழைக்க என்னிடம் ஒரு தொலைபேசி எண்கூட இருக்கவில்லை. வானொலியைத் திருகினோம். மறுநாள் பத்திரிகையில் பெயர்களைத் தேடினோம். மூன்றாம் நாள் முகமாலைச் சோதனைச் சாவடி கடந்து, பரந்தன் வழியாகப் போனேன். புதுக்குடியிருப்பில் ஒரு பாடசாலை முகாமில் அக்காவைக் கண்டேன். மூத்த மகன் பக்கத்தில் இருந்தான். தாயும் கடைசிப் பிள்ளையும் இல்லை. "இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒண்டும் தெரியாதோ?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

தெரியாமல் இருந்தது என் குற்றம் மட்டுமா? 9.1 அளவான அந்த நிலநடுக்கம் இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன் ஏற்பட்டது. அலை கிழக்குக் கரையைத் தொட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் நடக்க அது தாராளமான நேரம். சொல்ல ஆள் இல்லாததால் இத்தீவில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை அமைப்பு இல்லாததால் வந்த சாவு அது.

அதன் பிறகாவது நிவாரணத்தைச் சேர்ந்து செய்ய ஒரு வழி பிறக்கும் என்று நம்பினோம். 2005 ஜூன் 24இல் அரசும் விடுதலைப் புலிகளும் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். அதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது மக்கள் விடுதலை முன்னணி, நீதிமன்றமும் சென்றது. ஜூலை 15இல் முக்கியமான சில பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே போனது. அதே கட்சிதான் இன்றைய ஆட்சியின் முதுகெலும்பு.

மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்வது நியாயமல்ல. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. ஆனால் அன்று மக்களுக்கு நேரம் கிடைத்தது.

ஆனால் எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது? 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. அபாய அறிவிப்புகள் தமிழில் குறைவாகவும் பிந்தியும் வந்தன என்ற குற்றச்சாட்டு பல தரப்பிலிருந்தும் எழுந்தது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. சரிவுகளின் நடுவே லயன்களில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் பேசுவதும் அதுதான். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருவர், தான் பிறந்த பதுளைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் தங்கைக்கு இரண்டு நாளாக அழைத்தபடியே இருந்தார். மணி அடிக்கவே இல்லை. அவர் முகத்தில் 2004இன் என்னைக் கண்டேன். மூன்றாம் நாள் தங்கை பேசினார். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

அனர்த்தத்தில் அரிசிக்கும் பாய்க்கும் முன் மனிதருக்கு வேண்டியது தகவல். ஓடு என்ற சொல் அவர் மொழியில், சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் வரவேண்டும். முகாமில் யார் இருக்கிறார், வைத்தியசாலையில் யார், யாரைக் காணவில்லை என்ற பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அன்றன்றே தொங்க வேண்டும். தூரத்திலிருந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் எண் வேண்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. இந்த மக்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் போதும்.

அந்த எண்ணம் இல்லாத அரசை அக்கா இரண்டு தடவை கண்டவ. கடல் விட்டுவைத்த மூத்த மகனை 2009இல் காணவில்லை. முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 முதல் நடத்தும் போராட்டத்தில் அவன் படத்தோடு இருக்கிறா. கடலில் போன பிள்ளைக்கு ஒவ்வொரு டிசம்பர் 26லும் விளக்கு ஏற்றுகிறா. மூத்தவனுக்கு ஏற்றுவதில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்று அவவுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.