யூன் மாதக் கடைசி ஞாயிறு

யூன் மாதக் கடைசி ஞாயிறு என்றால் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்கள் சபையில் ஒரே கதைதான். யங் வீதி பூட்டு, டவுன்ரவுன் பக்கம் போகாதீர்கள், இந்தப் பிரைட் ஊர்வலம் எப்படி இவ்வளவு பெரிதாக வந்தது என்று அங்கிள்மார் கேட்பார்கள். பிறகு யாராவது ஒரு பகிடி விடுவார்கள். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

எப்படிப் பெரிதானது என்று இந்த வருடம் தேடி வாசித்தேன். 1981 பெப்ரவரி 5ஆம் திகதி இரவு, தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் கூடும் நான்கு குளியல் விடுதிகளுக்குள் ரொறன்ரோ பொலிஸார் புகுந்து ஏறக்குறைய 300 பேரைக் கைது செய்தார்கள். பெயர் வெளியே வந்தால் வேலையும் போகும், வீடும் போகும் என்றிருந்த காலம். ஆனாலும் மறுநாள் இரவே ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். விசாரணை வேண்டும் என்று பிரென்ற் ஹோக்ஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் ஒரு போதகர். அந்த யூனில் கிரேஞ்ச் பூங்காவில் கூடியவர்கள் சுமார் 1,500 பேர். 2016இல் பிரதமரே ஊர்வலத்தில் நடந்தார். அதே வருடம் பொலிஸ் தலைமை அதிகாரி 1981க்காக வருத்தம் தெரிவித்தார்.

வீதியை மறிப்பவர்களைப் பற்றி நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும். 2009 மே 10ஆம் திகதி மாலை கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றது யார்? அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு போனாராம். அன்று இந்த நகரம் எங்களைப் பார்த்து இதே எரிச்சலோடுதான் முணுமுணுத்தது.

ஊர்வலத்தில் எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. வங்கிகளின் விளம்பர வண்டிகளைப் பார்த்தால் அலுப்புத்தான். வேதம் என்ன சொல்கிறது என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருமனம் இல்லை. அதை இந்த ஒரு பக்கத்தில் தீர்க்க நான் ஆளில்லை. என் முறைப்பாடு அந்தப் பகிடியைப் பற்றியது.

வாலிபர் ஐக்கியத்தில் என்னோடு பாடிய ஒருவர் இரண்டு வருடமாக வருவதில்லை. ஏன் என்று போன மாதம் கேட்டேன். பிரசங்கம் ஏதும் மனதை நோகடித்திருக்கும் என்று நினைத்திருந்தேன். “இல்லை, அந்தத் தேநீர் நேரம்தான்” என்றார். நாங்கள் சிரித்தபோது அவரும் கையில் கோப்பையோடு எங்களுக்குள் நின்றிருக்கிறார்.

இதைப் பற்றிப் பேச ஒரு வெள்ளிக்கிழமை மாலையை ஒதுக்கித் தரும்படி போதகரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். அம்மா அப்பாமாரும் வாருங்கள், எதிர்க்கருத்தோடும் வாருங்கள். அவரையும் கூப்பிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.