பாதி போய்விடும் என்ற பொய்

"டைவர்ஸுன்னு போனா பாதி சொத்து அவளுக்குப் போயிடும்." கல்யாணப் பந்தியிலும் அலுவலக கேன்டீனிலும் படித்தவர்களே இதைச் சட்டம் போலச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

கோவா நீங்கலாக, மணவாழ்வில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற சட்டம் இந்தியாவில் கிடையாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தருவது ஜீவனாம்சம். இருவரின் வருமானம், சொத்து, நடத்தை ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி ஒரு தொகையைத் தீர்மானிப்பார். மனைவி மறுமணம் செய்துகொண்டால் அதையும் ரத்து செய்யலாம். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் தங்கள் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக, கணக்கைக் காட்டுவது கட்டாயம். பங்கிடுவது கட்டாயமில்லை.

நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்கு அடுத்த பெரிய சேமிப்பு பி.எஃப். தான். ஊழியரிடம் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனமும் அதே அளவு போடுகிறது. விவாகரத்தின்போது அந்தக் கணக்கைப் பிரித்து மனைவி பெயருக்கு மாற்றும் ஏற்பாடே அந்தத் திட்டத்தில் இல்லை. கணவர் இறந்தால் வரும் குடும்ப ஓய்வூதியத்திலும் விவாகரத்தானவளுக்கு இடமில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியிருந்தாலும் இதே கதிதான்.

"அது அவர் உழைச்ச காசு" என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். அவளும் வேலைக்குப் போனவள்தானே? குழந்தை பிறந்ததும் அவளைத்தான் வேலையை விடச் சொன்னார்கள். அவளுடைய பி.எஃப்.பை எடுத்து வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள், நாத்தனார் கல்யாணத்தை நடத்தினார்கள். அப்போது அது குடும்பப் பணம். மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவள் இருந்ததால்தான் அவர் ஒரு நாளும் தடையில்லாமல் வேலைக்குப் போனார், கணக்கு வளர்ந்தது. பிரியும்போது மட்டும் அது எப்படி அவர் ஒருவரின் பணமாகிறது?

2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பார்த்தது. சவுதியில் வேலை பார்த்த கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றது. ஆனால் அது ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கு. ஒவ்வொரு பெண்ணும் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாட முடியுமா? சட்டம் வர வேண்டும். 2013-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய திருமணச் சட்டத் திருத்த மசோதா அசையாச் சொத்தைப் பற்றியாவது பேசியது. 2014-இல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதியானது.

ஜெர்மனியில் 1977 முதல், மணவாழ்க்கைக் காலத்தில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளை விவாகரத்தின்போது சமமாகப் பிரிக்கிறார்கள். கனடாவின் அரசு ஓய்வூதியத் திட்டத்தில் 1978 முதல் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே விதிதான்.

இங்கும் அது வேண்டும். கல்யாணத்துக்கு முன் சேர்த்ததைத் தொட வேண்டாம். சேர்ந்து வாழ்ந்த வருடங்களில் இருவர் கணக்கிலும் ஏறியதைக் கூட்டிச் சரிபாதியாக்கினால் போதும். மனைவியின் கணக்கு பெரிதாக இருந்தால் அவளிடமிருந்து கணவனுக்குப் போகட்டும். அதையும் சேர்த்தே கேட்கிறேன்.