பந்து உருண்டால் போதுமா? பாட்டும் வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கால்பந்தாட்டத்தில் களமிறங்குவோர் இருபத்திருவர். ஆனால் ஆட்டத்தைத் திருவிழா ஆக்குவோர் அவர்கள் அல்லர். கோட்டுக்கு வெளியே நிற்பவர்களே. இந்த உண்மையை உலகம் எப்போதோ உணர்ந்துகொண்டது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் மட்டும் இன்னும் உணரவில்லை என்பதே என் ஆதங்கம்.

நம் பக்கத்துக் கால்பந்துப் போட்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். வேப்பமர நிழலில் மாற்று ஆட்டக்காரர்கள் நால்வர். நாற்காலியில் ஆசிரியர் இருவர். மிதிவண்டியின் மேல் சாய்ந்தபடி வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் சிலர். கோல் விழுந்தால், கையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவது போல் நாலு கைதட்டல். அவ்வளவுதான்! கொளுத்தும் வெயிலில் ஓடி ஓடி உழைத்த இளைஞன் அந்த நாலு கைதட்டலை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி ஊர் திரும்புகிறான்.

நம் மக்கள் வாய் பேசாதவர்களா? இல்லவே இல்லை! ஆடி மாதம் பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மன் பண்டிகையில் சேலம் நகரமே அதிர்கிறது. குகை வண்டி வேடிக்கைக்கு விடிய விடிய நிற்காத கால்கள் உண்டா? கூளமேட்டுச் சல்லிக்கட்டில் காளை வாடிவாசலைத் தாண்டும்போது எழும் ஒலியைக் கேட்டிராத காதுகள் உண்டா? இரவெல்லாம் விளக்கொளியில் நடக்கும் கபடிப் போட்டிக்கு ஊரே திரண்டு வந்து உட்காரவில்லையா? இத்தனைக்கும் குரல் கொடுக்கும் மக்கள் கால்பந்துத் திடலில் மட்டும் ஊமையாகிவிடுவது ஏன்? அங்கே பார்வையாளனுக்கு நாம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அதுதான் காரணம் என்பது என் துணிபு.

பார்வையாளனால் ஆவதென்ன?

"பாட்டுப் பாடினால் பந்து கோலுக்குள் போய்விடுமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குக் கொரோனா காலமே விடை தந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதம் செருமனியின் பன்டஸ்லிகா போட்டிகள் ஆளில்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கின. அதே திடல், அதே ஆட்டக்காரர்கள். ஆயினும் சொந்த ஊரில் ஆடிய அணிகளின் வெற்றி விகிதம் குறைந்துபோனது. வெளியூர் அணிக்குச் சற்றுக் கூடுதலாக எச்சரிக்கை அட்டை காட்டும் நடுவர்களின் போக்கும் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். கூட்டத்தின் குரல் ஆடுபவன் காலுக்கும் நடுவர் காதுக்கும் எட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2018 சூன் 1ஆம் நாள் மும்பையில் இந்திய அணி சீனத் தைப்பே அணியை 5-0 என்று வென்றது. தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். காலரியோ பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. மறுநாள் அவர் ஒரு காணொளியில் தோன்றி, எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்கிற்கு வாருங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். நாட்டின் அணித்தலைவன் பார்வையாளரை இரந்து கேட்க வேண்டியிருந்தது! சூன் 4ஆம் நாள் கென்யாவுக்கு எதிராக அவர் தம் நூறாவது ஆட்டத்தை ஆடியபோது, கொட்டும் மழையிலும் அரங்கு நிரம்பி வழிந்தது. இந்தியா 3-0 என்று வென்றது. மூன்றே நாளில் மக்கள் வந்தார்கள்! அழைக்க ஆள் இருந்தால் வருவார்கள் என்பதே இதன் பொருள்.

பாடும் காலரிகள்

மேலை நாடுகளில் காலரியின் ஒரு பகுதியைப் பாடுவதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள். செருமனியின் டார்ட்மண்டு நகரில் தெற்குக் காலரி ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே பாடுகிறார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் அணியினர் பாடும் புகழ்பெற்ற பாட்டு, கால்பந்துக்காக எழுதப்பட்டதன்று. 1945இல் அமெரிக்க மேடையேறிய இசை நாடகம் ஒன்றின் பாட்டு. 1963இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்று அதைப் பாடி வெளியிட, திடல் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. நாடகப் பாட்டு திடலுக்குப் பொருந்துமென்றால், நம் கூத்துப் பாட்டு மட்டும் பொருந்தாதா?

ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்திய அந்த நாட்டின் மக்கள் தொகை, நம் சேலம் மாநகரின் மக்கள் தொகையில் பாதிகூட இல்லை! கைகளை உயர்த்தி, இடைவெளி விட்டு, ஒருமித்து ஒரே தட்டு. பிறகு வரவர வேகம். அந்தக் கைதட்டல் உலகையே கவர்ந்தது. பெரிய ஊர் தேவையில்லை, பெரிய செலவு தேவையில்லை. ஒருமித்த தாளம் ஒன்றே போதும் என்று அவர்கள் காட்டினார்கள்.

நமக்கு அருகிலேயே சான்றுகள் உள்ளன. பெங்களூரு அணி 2013இல் தோன்றியபோதே மேற்குக் காலரியில் ஓர் இரசிகர் குழு தோன்றி, 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்று பெயர் பெற்றது. கேரள அணிக்கு 'மஞ்ஞப்படை' உண்டு. 2014இல் தோன்றிய சென்னையின் எப்.சி. அணிக்கு நேரு விளையாட்டரங்கில் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' எனும் குழுக்கள் முரசடித்துக் குரல் கொடுத்தன. அந்த அணி 2015லும் 2018லும் வாகை சூடியது.

கோவை தந்த பாடம்

ஆனால் சேலத்தார் கருத வேண்டிய பாடம் கோவையில் இருக்கிறது. 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி எப்.சி. எனும் அணி. 2019 மார்ச் 9ஆம் நாள் கோவை நேரு விளையாட்டரங்கில், முதலில் ஒரு கோல் பின்தங்கி, பின்னர் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. கொங்கு மண்ணுக்கு வந்த பெரும்பேறு அது! ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. மூன்றாண்டுக்குள் வாகை சூடிய அணி வரைபடத்திலிருந்து மறைந்தது.

இதற்குப் பணம், நிருவாகம் எனக் காரணங்கள் பல இருக்கலாம். எனக்குப் படுவது ஒன்று. பெயர் சென்னை; ஆடியது கோவை. ஓர் ஊர் தன் பெயரைச் சொல்லிப் பாட முடியாத அணி, அந்த ஊரின் நெஞ்சில் எப்படி வேர்விடும்? நூறாண்டு கடந்தும் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நிலைத்து நிற்பது கோப்பைகளால் மட்டுமா? 1997இல் அவ்விரு அணிகள் மோதிய ஓர் ஆட்டத்திற்குக் கல்கத்தாவில் 1,31,000க்கும் மேற்பட்டோர் கூடினார்களே, அந்த மக்களால் அன்றோ!

நம்மிடம் இல்லாததா?

பாடும் காலரி என்றதும் ஆங்கிலப் பாட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. கொங்கு நாட்டு வள்ளி கும்மியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஓர் அடி பாடுகிறார். நூறு பேர் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். அடிக்கும் கைதட்டுக்கும் ஒரே தாளம். காலரிக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் இல்லையா? நம் பக்கத்துத் தெருக்கூத்திலோ, முன்னே நிற்பவர் பாட, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார். எத்தனை எளிய முறை!

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அன்று. முல்லைக்கலியில் ஆயர் ஏறு தழுவும் களத்தை மகளிர் கூடி நின்று காண்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் குரவையாடிப் பாடுகிறார்கள். தொல்காப்பியரோ நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது, உணவோடும் மரத்தோடும் பறையையும் சேர்த்து எண்ணினார். பறையில்லாத நிலம் தமிழருக்கு இல்லை!

அந்தப் பறையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தப்பட்டைக் கலைஞரை இழவு வீட்டுக்கு மட்டும் அழைத்து, வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. ஆனால் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இலும், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இலும் நாடு பத்மஸ்ரீ விருது தந்து சிறப்பித்தது. நாடு மதித்த கலையை நம் திடல் மதிக்க வேண்டாமா? பறை முழங்கும் கலைஞர் காலரியின் நடுவில், முதல் வரிசையில், உரிய ஊதியத்தோடு அமர வேண்டும். கும்மியும் பறையும் ஒரே காலரியில் ஒலிக்கும் நாள், கால்பந்துக்கு மட்டுமன்றி நம் ஊருக்கும் நல்ல நாள்.

வசை வேண்டா

குரல் எழுப்பச் சொன்னால் சிலர் வசைபாடத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில் நானே கண்டேன். கோல் காப்பாளராக நின்ற மாணவரைப் பார்த்து, பின்னால் நின்ற கும்பல் ஒன்று முதலில் அவர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கத்தியது. பிறகு எழுதக் கை கூசும் சாதிப்பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் பந்துகளைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஆட்டம் முடியும்வரை தலை நிமிரவில்லை. சுற்றி நின்றவர்களுள் ஒருவர்கூட அந்தக் கும்பலை அடக்கவில்லை. மௌனமான காலரியின் ஆபத்து இதுதான், நண்பர்களே! நல்ல பாட்டு இல்லாத இடத்தில் கெட்ட கூச்சல் குடியேறிவிடுகிறது.

கட்டுப்பாடற்ற வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கல்கத்தா கண்டது. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத் திடலில் இரு பெரும் அணிகளின் ஆட்டத்தின்போது காலரியில் மூண்ட கலவரத்தில் பதினாறு பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. பிற்காலத்தில் அந்த நாளை அவ்வூரார் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து குருதிக்கொடை செய்தனர். பாடும் காலரி வேண்டும் என்று வாதிடும் நான், அதற்கு ஒழுங்கும் வேண்டும் என்று அதே உரத்த குரலில் வாதிடுகிறேன்.

செய்ய வேண்டுவன

கல்லூரி அணிகளும், நகரக் கால்பந்துக் குழுக்களும், காந்தி விளையாட்டரங்கில் போட்டி நடத்துவோரும் கருத்தில் கொள்ளச் சில யோசனைகள்:

ஒன்று: இடம். காலரியின் ஒரே ஒரு பகுதியைப் பாடுவோருக்கு ஒதுக்குக. எப்போதும் அதே இடமாக இருக்கட்டும். திடலெங்கும் நூறு பேர் சிதறி நின்றால் அது சந்தை இரைச்சல். நாற்பது பேர் நெருங்கி நின்றால் அது பாட்டு.

இரண்டு: தலைவர். ஆட்டத்துக்கு முதுகு காட்டி, ஆட்களைப் பார்த்து நிற்கும் ஒருவர் வேண்டும். கோல் விழுவதைக்கூட அவர் பார்க்க முடியாது! அத்தகைய தியாகி ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் கிடைப்பார். வசைச்சொல் எழுந்தால் பறையை நிறுத்தச் சொல்லும் உரிமையும் அவருக்கே இருக்கட்டும்.

மூன்று: பாட்டு. நான்கு பாட்டு போதும். ஒவ்வொன்றும் நான்கு அடிக்கு மேல் வேண்டா. ஊருக்கு ஒன்று, அணிக்கு ஒன்று, கோல் விழுந்தால் ஒன்று. நான்காவது, தோற்றுக்கொண்டிருக்கும்போது பாடுவதற்கு. அதுவே முதன்மையானது! தமிழ் மன்றத்தார் ஒரு போட்டி வைத்தால், எழுதித் தர நம் கவிஞர்கள் காத்திருக்கிறார்கள்.

நான்கு: ஒலிபெருக்கி. சினிமாப் பாட்டை அலறவிட்டுவிட்டு, மக்கள் பாடவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. குழாய் வாய் மூடினால்தான் மக்கள் வாய் திறப்பார்கள்.

ஐந்து: வசதி. நம் வெயிலில் மாலை நான்கு மணிக்கு முன் ஆட்டம் வேண்டா. நிழலும் குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் இல்லாத திடலுக்கு யார் வருவார்? 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசிய வாகை சூடியது. 2019இல் மதுரைச் சேது எப்.சி. பெண்கள் லீக் பட்டம் பெற்றது. ஆடி வெல்லும் பெண்களுக்குக் காலரியில் நின்று பாட இடமில்லையா? ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத் தந்தவர் பத்ரப்பன். கும்மிக்கு வந்த துணிவு கால்பந்துக்கு வரக்கூடாதா?

"மாணவர்கள் கூச்சலிடுவது ஒழுக்கக் கேடு" என்று பெரியவர்கள் சிலர் கருதக்கூடும். அவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரே தாளத்தில் நாற்பது பேர் பாடுவதைவிடப் பெரிய ஒழுக்கப் பயிற்சி எது? பக்கத்தில் நிற்பவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளாமல், அவன் விட்ட அடியை நான் எடுத்துப் பாடுகிறேனே, அதைக் காட்டிலும் ஒற்றுமைக்கு வேறென்ன பாடம் வேண்டும்?

சேலத்துக்கென்று பெரிய கால்பந்துச் சங்கம் நாளை வரலாம், வராமலும் போகலாம். அது முதலாளிகள் கையில் இருக்கிறது. பாட்டோ நம் வாயில் இருக்கிறது! அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பறை, ஒரு தலைவர், நாற்பது குரல். இவ்வளவுதான் முதலீடு. வெயிலில் ஓடும் அந்த இளைஞன் தலை நிமிர்ந்து காலரியைப் பார்க்கட்டும். அங்கே தன் ஊரே தனக்காகப் பாடுவதைக் கேட்கட்டும்!