கிரிஃபிக்கு அந்த இரண்டாம் ஒப்பந்தம் தேவைதானா?



முதிய ஆட்டக்காரரை அணி மீண்டும் ஒப்பந்தம் செய்யலாமா என்ற பேச்சு எழுந்தால் போதும், "நன்றி மறக்கலாமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவோர் உண்டு. என் சக ஆசிரியர் ஒருவர் அத்தகையவர். அமெரிக்க பேஸ்பாலில் ஈடுபாடு மிக்கவர். கென் கிரிஃபியை 2010-ஆம் ஆண்டுக்கும் சியாட்டல் மரினர்ஸ் அணி வைத்துக்கொண்டது அறச்செயல் என்கிறார். நான் அதனைக் கிரிஃபிக்கே இழைத்த தீங்கு என்கிறேன். (எனக்கும் பணி ஓய்வு நெருங்குகிறது, அதனால்தானோ என்னவோ இவ்வளவு சூடு!)

யார் இந்தக் கிரிஃபி? தந்தையும் அதே பெயரில் ஆடியவர். நான் பேசுவது மகனைப் பற்றி. 1989-இல், 19 வயதில் மரினர்ஸ் அணிக்கு ஆட வந்தார். வெளிக்களத்தின் நடுப்பகுதியைக் காத்தவர். 1990 முதல் 1999 வரை பத்தாண்டும் தொடர்ந்து தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது பெற்றார். 1997, 1998 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் 56 ஹோம் ரன் அடித்தார். 1995-இல் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், எட்கார் மார்ட்டினெஸ் அடித்த பந்துக்கு முதல் தளத்திலிருந்து ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தவர் அவரே. அணி ஊரைவிட்டே போய்விடுமோ என்று அஞ்சிய காலம் அது. அந்த எழுச்சிக்குப் பின்னரே புதிய அரங்கம் கட்ட வழி பிறந்தது. ஆகவே நன்றிக்கடன் உண்டு; மறுப்பாரில்லை.

2000-இல் சின்சினாட்டிக்குப் போனார். அங்கே காயங்கள் அவரை விடவில்லை. 2009-இல் 39 வயதில் தாய்வீடு திரும்பினார். அதனை நான் குறைகூறவில்லை. முந்திய ஆண்டு 101 ஆட்டங்களில் தோற்ற அணி, அவ்வாண்டு 85 ஆட்டங்களில் வென்றது. கிரிஃபியும் 19 ஹோம் ரன் அடித்தார். ஆனால் சராசரியோ .214! அதாவது, ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 214 ஹிட் என்ற கணக்கு. (தசமம் கற்பிக்க நல்ல எடுத்துக்காட்டு.) ஓடுவதற்கு முழங்கால் இடந்தரவில்லை, பெரும்பாலும் மட்டை பிடிக்க மட்டுமே இறங்கினார்.

கடைசி ஆட்டம் முடிந்ததும் அணியினர் அவரையும் ஜப்பானிய வீரர் இச்சிரோவையும் தோளில் தூக்கிக்கொண்டனர். விடைபெற அதைவிட நல்ல நாள் வாய்க்குமா? நிருவாகம் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால், அடுத்த மாதமே இன்னோர் ஓராண்டு ஒப்பந்தம்!

விளைவு என்ன? 2010-இல் 33 ஆட்டம், 98 முறை மட்டை பிடித்து 18 ஹிட். ஒரு ஹோம் ரன்கூட இல்லை. வாழ்நாளில் 630 அடித்த கை அது! சூன் 2-ஆம் நாள் ஓய்வை அறிவித்தார். அன்றைய ஆட்டத்துக்கும் வரவில்லை. காரை ஓட்டிக்கொண்டு புளோரிடாவிலுள்ள வீட்டை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். அணி அவ்வாண்டு மீண்டும் 101 தோல்வி கண்டது.

"இளையோருக்கு வழிகாட்டுவாரே, கூட்டம் வருமே" என்பார் நண்பர். வழிகாட்ட மட்டை எதற்கு ஐயா? அன்று பட்டியலில் 25 பேருக்குத்தான் இடம். அதில் ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்தால், வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளைஞன் ஒருவன் அதற்கு விலை கொடுக்கிறான். அவனுக்கு யார் நன்றி சொல்வது?

இதே அணி 2018-இல் 44 வயது இச்சிரோவை மீண்டும் அழைத்தது. 15 ஆட்டம், 44 முறை மட்டை பிடித்து 9 ஹிட். மே 3-ஆம் நாள் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்து, அணித் தலைவரின் சிறப்பு உதவியாளர் ஆக்கினார்கள். அணியோடு பயிற்சி செய்தார். ஆட்டத்தில் மட்டும் இறங்கவில்லை. 2019 மார்ச்சில் தோக்கியோ அரங்கில் இரண்டே ஆட்டம் ஆடினார். அங்கும் ஹிட் ஒன்றுமில்லை. ஆனால், தம் நாட்டு மக்கள் எழுந்து நின்று கைதட்ட, அவர்கள் கண்முன்னே களத்தைவிட்டு நடந்தார்.

"அப்படியானால் இச்சிரோவையும் 2018-இல் எடுத்திருக்கக் கூடாதுதானே?" என்று மடக்கினார் நண்பர். ஆம், எடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் அந்தத் தவற்றைச் சில வாரங்களிலேயே திருத்திக்கொண்டார்களே!