நாய்க்கு எந்தத் தடுப்பூசி, எப்போது?

நாய் வளர்க்கும் வீடுகளில் தடுப்பூசி விஷயத்தில் இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. குட்டி வந்த புதிதில் ஒன்றிரண்டு ஊசி போட்டுவிட்டு, தடுப்பூசி அட்டையை அலமாரியில் வைத்து மறந்துவிடுவது ஒன்று. ‘நைன்-இன்-ஒன்’ என்ற பெயரில் கிடைக்கும் கூட்டு ஊசியை ஆண்டுதோறும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டே வருவது இன்னொன்று. முதல் பழக்கம் நாய்க்கும் வீட்டாருக்கும் ஆபத்து. இரண்டாவது பழக்கத்தில் பாதிக்கும் மேல் தேவையற்றது.

எந்த ஊசி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்ய மூன்று கேள்விகள் போதும். அந்த நோய் உயிரைப் பறிக்கக் கூடியதா? நாய் வாழும் ஊரில் அது இருக்கிறதா? ஒரு முறை போட்ட ஊசி எத்தனை காலம் காக்கும்? உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் 2024இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த அடிப்படையில்தான் தடுப்பூசிகளைப் பிரிக்கின்றன: எல்லா நாய்க்கும் கட்டாயமானவை, வாழும் சூழலைப் பொறுத்துத் தேவைப்படுபவை, பரிந்துரைக்கப்படாதவை.

மூன்று கேள்விகளையும் முதலில் ரேபிஸிடம் கேட்டுப் பார்க்கலாம். அறிகுறி தென்பட்டுவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களால் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அண்மை ஆய்வு, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறது. “எங்கள் நாய் வாசலைத் தாண்டுவதே இல்லை” என்பவர்களும் இந்த ஊசியைத் தவிர்க்க முடியாது. கேட்டின் இடுக்கில் மூக்கை நுழைக்கும் தெருநாயும், தோட்டத்துக்குள் வரும் கீரியும் போதும், நோய் வீட்டுக்குள் வந்துவிட. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. ரேபிஸ் பரவலாக உள்ள நம் நாட்டில் சில வாரங்களில் இரண்டாவது தவணையும் போடுவது நல்லது. சில நாடுகளில் மூன்றாண்டு தாங்கும் என்று அனுமதி பெற்ற ரேபிஸ் ஊசிகள் இருக்கின்றன. நோய் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இங்கே ஆண்டுக்கு ஒரு முறை என்ற வழக்கமே சரி. சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் வாங்கவும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

அடுத்த வரிசையில் நிற்பவை பார்வோ, டிஸ்டெம்பர், நாய்களின் கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ். இவை மூன்றும் உலகின் எந்த மூலையில் வாழும் நாய்க்கும் கட்டாயம்.

பார்வோவின் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் குறைவு. 1978இல்தான் அது நாய்களிடம் புதிய நோயாக அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் கண்டங்களைக் கடந்து பரவி, எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாத நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஒரு குட்டி இரண்டே நாளில் துவண்டு விழும். இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கும் ஏறிவரும்.

டிஸ்டெம்பர் எவ்வளவு தூரம் தாண்டிப் பரவும் என்பதற்கு நாய்களைவிடச் சிங்கங்களே சாட்சி. தான்சானியாவின் செரங்கெட்டியில் 1994இல் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த நோயால் மடிந்தது. சுற்றுவட்டார ஊர் நாய்களிடமிருந்தே நோய் கிளம்பியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றிடம் டிஸ்டெம்பர் வைரஸ் உறுதியானது. எஞ்சியவற்றைக் காக்க அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவிக்க வேண்டிவந்தது. வீட்டு நாய்க்குப் போடும் ஊசி அந்த வீட்டோடு முடிந்துபோகும் விஷயமல்ல.

குட்டிப் பருவத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பிறந்ததும் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குள் வருகின்றன. அவை சில வாரங்கள் குட்டியைக் காக்கும். அதே காலத்தில், போட்ட தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்யும். எந்தக் குட்டிக்கு அவை எந்த வாரத்தில் வற்றும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேகூட வேறுபடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை ஊசி போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இவற்றில் உயிர்காக்கும் தவணை, பதினாறு வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு போடப்படும் கடைசித் தவணை. அதுவும் பலிக்காத சில குட்டிகள் இருக்கும் என்பதால், ஆறு மாத வயதில் இன்னொரு தவணை போடுமாறு புதிய வழிகாட்டுதல் சொல்கிறது. “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று சொல்லி 45 நாள் குட்டியை விற்பவரின் வாக்கை நம்பிப் பார்வோவுக்குப் பலிகொடுத்த வீடுகள் ஏராளம். 45 நாளில் முடிவது முதல் தவணை மட்டுமே.

குட்டிப் பருவத்து ஊசிகளை ஒழுங்காக முடித்த நாய்க்கு, இந்த மூன்று வைரஸ்களுக்கும் ஆண்டுதோறும் ஊசி தேவையில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் அறிஞர் ரொனால்டு ஷுல்ட்ஸ், தடுப்பூசி போட்ட நாய்களை ஆண்டுக்கணக்கில் நோய்க்கிருமி அண்டாமல் வைத்திருந்து, பிறகு வைரஸைச் செலுத்திப் பார்த்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றின் எதிர்ப்புச் சக்தி குன்றவில்லை. இத்தகைய ஆய்வுகளின் பலனாக 2003இலேயே அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் ஆண்டு ஊசியைக் கைவிட்டு, மூன்றாண்டுக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொண்டது. உலகச் சங்கமும் அதையே சொல்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம்.

லெப்டோ என்னும் எலிக் காய்ச்சலின் கணக்கு வேறு. அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. எலியும் பெருச்சாளியும் கழிக்கும் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வாழும். நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சிதைக்கும். நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றும். மழைக்காலத்தில் தெருவெல்லாம் வெள்ளக்காடாகும் சென்னை, இந்த நோய் வேரூன்றிய ஊர்களில் ஒன்று. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இந்த ஊசியின் பாதுகாப்பு ஏறத்தாழ ஓராண்டுதான். முதல் முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. லெப்டோ நிலைத்திருக்கும் பகுதிகளில் அதைக் கட்டாய ஊசியாகக் கருத வேண்டும் என்பதே 2024 வழிகாட்டுதலின் நிலை. தமிழ்நாட்டின் கடற்கரை நகரங்களில் வாழும் நாய்க்கு இதை விருப்பம்போல் விட்டுவிட முடியாது. ரேபிஸும் லெப்டோவும் மட்டும் சேர்ந்த ஊசி சந்தையில் கிடைக்கிறது என்பதால், இந்த இரண்டுக்காக ஆண்டுதோறும் முழுக் கூட்டு ஊசியைப் போட வேண்டிய அவசியமும் இல்லை.

கென்னல் காஃப் எனப்படும் வறட்டு இருமலுக்கான ஊசி, நாய் விடுதியில் விடப்படும் நாய்க்கும் நாய்க் கண்காட்சிக்குப் போகும் நாய்க்கும் பயன்படும். தனியாக வீட்டிலிருக்கும் நாய்க்கு அவசியமில்லை. நாய்களின் குடல் கொரோனாவுக்கான ஊசியை உலகச் சங்கம் பரிந்துரைப்பதே இல்லை. அந்த நோய் பெரும்பாலும் லேசானது, ஊசி காக்கும் என்பதற்கும் போதிய சான்றில்லை. கோவிட் கொரோனாவுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அந்தப் பெயருக்குப் பயந்து இதைப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

தேவையற்ற ஊசியால் காசு மட்டும்தானா நட்டம்? அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, 10,000 நாய்களில் ஏறக்குறைய 38க்கு ஊசி போட்ட மூன்று நாள்களுக்குள் ஏதேனும் பக்கவிளைவு தென்பட்டது. மிகக் குறைவான விகிதம்தான். ஆனால் ஒரே நாளில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக்கூட, அதுவும் பத்து கிலோவுக்கு உட்பட்ட சிறிய நாய்களிடம், ஆபத்தும் கூடியது. அதற்காகப் பொமரேனியனுக்கு அரை ஊசி போடச் சொல்வது தவறு. எந்த நாய்க்கும் முழு அளவு போட்டால்தான் ஊசி வேலை செய்யும். செய்யக்கூடியது, தேவையற்றதை விலக்குவதும், தேவையானவற்றை வெவ்வேறு நாள்களில் பிரித்துப் போடுவதும்தான்.

ஊசி எங்கே போடப்படுகிறது என்பதும் முக்கியம். இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸ் குளிரில் தொடர்ந்து இருந்தால்தான் மருந்துக்கு வீரியம். மருந்துக்கடையில் வாங்கி, பைக் பெட்டியில் வைத்து, வெயிலில் கொண்டுபோய்த் தெரிந்தவர் ஒருவரை விட்டுப் போடவைத்த ஊசி, அட்டையில் மட்டுமே இருக்கும்.

கால்நடை மருத்துவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. ஆண்டு ஊசி நின்றுவிட்டால் நாயைக் கூட்டிவர மாட்டார்கள் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை முழு உடற்பரிசோதனை என்று அழைக்கலாம். ரேபிஸுக்கும் லெப்டோவுக்கும் எப்படியும் வரத்தான் வேண்டும். எதைப் போடுகிறோம், எதை விடுகிறோம், ஏன் என்று சொல்லும் மருத்துவரின் மேல் நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

நாய் வளர்ப்பவர்கள் அலமாரியிலிருக்கும் அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். பதினாறு வாரத்துக்குப் பிந்தைய தவணை அதில் இருக்கிறதா? ரேபிஸ் ஊசி போட்டு ஓராண்டு தாண்டிவிட்டதா? மழைக்கு முன் லெப்டோ போட்டாயிற்றா? கூட்டு ஊசியில் மிச்சமாகும் பணத்தில், தினமும் சோறு வைக்கும் தெருநாய்க்கும் ஒரு ரேபிஸ் ஊசி போட முடியும். ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோவாவில் வீட்டு நாய், தெருநாய் என்று பாராமல் ஆண்டுதோறும் ஊசி போட்டு, 2021இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அதை அறிவிக்க முடிந்தது. தமிழ்நாட்டிலும் அது முடியும்.