மாமாவோட ஆர்டி 350-யும் என் ஸ்விஃப்ட்டும்

டிஸ்கி: மைலேஜ் எவ்வளவுன்னு கேக்கறவங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடலாம். :-)

பொங்கல் லீவுக்கு பெங்களூரிலிருந்து ஆத்தூர் போயிருந்தேன் மக்களே. நாலு வருஷமா ஆணி புடுங்கின காசுல வாங்கின ஸ்விஃப்ட்டுல. செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் நம்ம வீட்டுக்கு அதுதான் முதல் கார். வாசல்ல நிறுத்தினதும் சின்ன மாமா வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. டயரை ஒரு உதை உதைச்சாரு.

"நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஆனா நம்ம வண்டிகிட்ட நிக்குமா?"

நம்ம வண்டின்னா, 86 மாடல் ராஜ்தூத் யமஹா ஆர்டி 350. சேகோ ஃபேக்டரிக்கு மரவள்ளிக் கிழங்கு ஏத்தி விட்டுச் சம்பாதிச்ச காசுல பாதியை மாமா அந்த வண்டிக்குத்தான் செலவு பண்ணினாருன்னு அத்தை இன்னைக்கும் புலம்பும்.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஜப்பான்ல 1973-ல வந்த வண்டி இது. நம்ம ஊர்ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-லிருந்து 80கள் முடியற வரைக்கும் போட்டாங்க. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான்ல 39 குதிரைத்திறன் இருந்ததை இங்க 30.5 ஆக்கினாங்க. அப்புறம் மைலேஜுக்காக இன்னும் இறக்கி 27. அப்பவும் யாரும் பெருசா வாங்கல. 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடிட்டு இருந்தப்போ, இதை யாரு வாங்குவா? எங்க மாமா மாதிரி ஆளுங்கதான் வாங்குவாங்க.

சரி, கேள்விக்கு வருவோம். நிக்குமா, நிக்காதா?

பொட்டி தட்டறவன் புத்தி, ராத்திரி படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன். என் கார் 83 குதிரைத்திறன், எடை 860 கிலோ சொச்சம், கூட நான் ஒரு 80 கிலோ. டன்னுக்கு 88 வருது. மாமா வண்டி 150 கிலோ, மாமாவும் ஒரு 80 கிலோ. டன்னுக்கு 130 பக்கம். 40 வருஷத் தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழிச்சாலும் ஆரம்பத்துல அவர்தான் முன்னாடி. 100-ஐத் தாண்டினதும் கதை மாறும். காத்தை வெட்டிட்டுப் போகத் தேவைப்படற சக்தி வேகத்தோட மூணாம் மடங்கா ஏறும், அங்க 83-க்கு முன்னாடி 30 நிக்காது.

இதே கணக்கை ஆர்எக்ஸ் 100-க்குப் போட்டா டன்னுக்கு 61தான் வருது. 11 குதிரைத்திறன், ஏறக்குறைய 100 கிலோ வண்டி. சிக்னல்ல பச்சை விழுந்ததும் முதல் ஒரு மூச்சுல முந்திடும், அது உண்மை. அதுக்கப்புறம் எந்த ஹேட்ச்பேக்கும் தாண்டிப் போயிடும். ஆர்எக்ஸ் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, நானும் அந்த சத்தத்துக்கு அடிமைதான்.

கணக்கோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலைல, வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்துல, மல்லியகரை ரோட்டுல ஒரு நேர் பாதையில ரெண்டு பேரும் போனோம். மாமாவைக் கை காட்ட முடியாது, சரின்னு சொன்னது நான்தான். கணக்குப்படியே நடந்தது. முதல்ல நீலப் புகையும் 2டி ஆயில் வாசமும்தான் எனக்குத் தெரிஞ்சது. 100 தாண்டி நான் நெருங்க ஆரம்பிச்சப்போ, இடது பக்கம் காட்டுக்குள்ள இருந்து கிழங்கு லோடோட ஒரு டிராக்டர் ரோட்டுல ஏறுச்சு.

நான் பிரேக்கை மிதிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு காலுக்கு அடியில அதிர்ந்து கார் நின்னுது. மாமா நிக்கல. நிக்க முடியல. டிராக்டருக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவுல மண் பாதையில இறங்கி, ரெண்டு தடவை ஆடி, எப்படியோ மறுபடி ரோட்டுல ஏறினாரு. டிராக்டர்காரர் திட்டினதை இங்க எழுத முடியாது. மாமா வண்டியை ஓரங்கட்டிட்டு ரொம்ப நேரம் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. எனக்குக் கால் வெடவெடன்னு ஆடுச்சு.

அன்னைக்கு ராத்திரி போட்ட கணக்குதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஜப்பான்ல முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கோட வந்த வண்டிக்கு இங்க டிரம் பிரேக்தான் கொடுத்தாங்க. என் கார் 100-லிருந்து நிக்க ஒரு 45 மீட்டர் போதும்னு வச்சுக்குங்க. பழைய டிரம் பிரேக் அதுல பாதி வேலைதான் செய்யும்னா, 90 மீட்டர் வேணும். அந்த 45-வது மீட்டர்ல, நான் நின்ன அதே இடத்துல, மாமா இன்னும் 70 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருப்பாரு. நூறை ரூட் ரெண்டால வகுத்துப் பாருங்க, சரியா வரும். பாதி தூரத்துல பாதி வேகம் குறைஞ்சிருக்கும்னு நினைக்கறோமே, அது தப்பு. வேகம் கடைசிலதான் கரையும்.

கார் பெருசா பைக் பெருசான்னு வர்ற வீடியோ எல்லாத்துலயும் 0-லிருந்து 100 போக எத்தனை செகண்டுன்னு மட்டும்தான் காட்டறாங்க. 100-லிருந்து 0-க்கு வர எத்தனை மீட்டர்னு யாராவது காட்டியிருக்காங்களா? பழைய வண்டியும் புது வண்டியும் மோதற போட்டியில உண்மையான வித்தியாசமே அங்கதான் இருக்கு. 125 சிசிக்கு மேல இருக்கற எல்லாப் புது பைக்குக்கும் 2019 ஏப்ரலோட ஏபிஎஸ் கட்டாயம் ஆகிடுச்சு. 86 மாடலுக்கு யாரு போட்டு விடுவா? இந்தப் போட்டியில முன்னாடி போறவருக்குத்தான் நிக்கற வசதி கம்மி. அவர் ஜெயிச்சதால டிராக்டர்கிட்ட முதல்ல போய்ச் சேர்ந்ததும் அவர்தான்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் பெருசா விளக்க வேண்டியதில்ல. சேலம் உளுந்தூர்பேட்டை ரோட்டை நாலு வழியாப் போட்டப்போ, ஊர்களைச் சுத்திப் போற பைபாஸ்களை மட்டும் ரெண்டு வழியா விட்டாங்க. நாலு வழியில வந்த அதே வேகத்துல ரெண்டு வழிக்குள்ள நுழைஞ்சு எத்தனை உயிர் போச்சுன்னு வாழப்பாடியிலயும் ஆத்தூர்லயும் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ரேஸே கூடாதுன்னு நான் சொல்ல வரல. அப்படிச் சொன்னா அது பொய். சோழவரத்துல பழைய விமான ஓடுபாதையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தின ரேஸைப் பார்க்க ஒரு காலத்துல கூட்டம் கூட்டமா ஜனம் போச்சு. 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டை. கோயம்புத்தூர் பக்கத்துல செட்டிபாளையத்துல கரிவரதன் பேருல கரி ஸ்பீட்வே. அங்கெல்லாம் டிராக்டர் ஏறாது.

"அவ்ளோ தூரம் போய், காசு கட்டி, யாரு ஓட்டுவா மாப்ள?"ன்னு மாமா கேட்டாரு. இந்தக் கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆத்தூர்ல இருந்து செட்டிபாளையம் 200 கிலோமீட்டருக்கு மேல. ட்ராக் எல்லாம் காசு இருக்கறவங்க சமாச்சாரமா இருக்கற வரைக்கும் மல்லியகரை ரோட்டுல யாராவது முறுக்கிக்கிட்டுத்தான் இருப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல 189-வது பிரிவு இருக்கு, பொது ரோட்டுல ரேஸ் விட்டா 5000 ரூபாய் வரைக்கும் அபராதம், 3 மாசம் வரைக்கும் ஜெயில். விடியக்காலையில அதைக் காட்ட அங்க யாரு இருந்தா?

போன வாரம் மாமா ஃபோன் பண்ணினாரு. சேலத்துல ஒரு மெக்கானிக்கைப் புடிச்சு முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டிட்டாராம். அத்தை நாலு நாளாப் பேசறதில்லையாம்.

"இப்ப வர்றியா மாப்ள?"

வர்றேன் மாமா, பின்னாடி உக்காந்து டீக்கடை வரைக்கும்னு சொன்னேன். மொதல்ல ஒண்ணும் பேசல. அப்புறம், "சரி, ஹெல்மெட் கொண்டு வா, என்கிட்ட ஒண்ணுதான் இருக்குது"ன்னாரு.